வாசகர் கேள்வி–பதில்: மாடலில் திருத்தியது ஷீட்டில் ஏன் வரவில்லை?

கட்டட வரைபட மென்பொருள்களில் வியூவை (மாடலின் ஒரு பார்வை) ஷீட்டோடு (அச்சிடும் தாள்; சில மென்பொருள்களில் லேஅவுட்) இணைப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். மென்பொருள்கள் வேறு வேறு. கோளாறு பெரும்பாலும் ஒன்றேதான்: வியூவில் செய்ய வேண்டிய திருத்தத்தை வேலை செய்யும் விண்டோவிலோ ஷீட்டிலோ செய்துவிட்டு, அது தானாகப் போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பது.

கேள்வி: ஆர்க்கிகேடில் தரைத்தளப் பிளானைத் திறந்து ஃபர்னிச்சர் லேயரை அணைத்தேன். லேஅவுட்டில் மேசையும் கட்டிலும் அப்படியே நிற்கின்றன. அப்டேட் கொடுத்தும் போகவில்லை. ஆனால் சுவரை நகர்த்தினால் மட்டும் லேஅவுட்டிலும் நகர்கிறது. இது எப்படி?

பதில்: சுவர் மாடலைச் சேர்ந்தது. லேயர் தெரிவதும் மறைவதும் வியூவைச் சேர்ந்தது. அதனால்தான் ஒன்று போய்ச் சேர்ந்தது, இன்னொன்று சேரவில்லை.

நேவிகேட்டரில் உள்ள பிராஜெக்ட் மேப், வியூ மேப், லேஅவுட் புக் மூன்றையும் பிரித்துப் பார்த்துக்கொண்டால் குழப்பம் தீரும். பிராஜெக்ட் மேப்பில் இருக்கும் தரைத்தளம் வெறும் வியூபாயின்ட். அதற்கென்று நிலையான அமைப்பு எதுவும் கிடையாது. நீங்கள் கடைசியாக எந்த லேயரை வைத்தீர்களோ, எந்த ஸ்கேலை வைத்தீர்களோ, அப்படியே காட்டும். வியூ மேப்பில் இருப்பது அதே தளத்தின் சேமித்த பார்வை. லேயர் காம்பினேஷன், ஸ்கேல், பென் செட், மாடல் வியூ ஆப்ஷன்ஸ், கிராஃபிக் ஓவர்ரைடு, ரெனோவேஷன் ஃபில்டர், டைமென்ஷன் வகை, ஜூம் எல்லாம் அதில் பதிந்திருக்கும். லேஅவுட்டில் நீங்கள் வைப்பது டிராயிங். அது வியூ மேப்பில் உள்ள வியூவைத்தான் பார்க்கிறது. உங்கள் திரையில் இப்போது திறந்திருக்கும் விண்டோவைப் பார்ப்பதில்லை.

ஆக, நீங்கள் ஃபர்னிச்சரை அணைத்தது திரையில் மட்டும். வியூவில் அது இன்னும் அணையாமல் இருக்கிறது. அப்டேட் கொடுத்ததும் டிராயிங் அந்த வியூவைப் படித்தது, அதில் இருந்த கட்டிலை மறுபடியும் வரைந்தது.

இப்படிச் சரிசெய்யுங்கள். லேஅவுட்டில் அந்த டிராயிங்கைத் தேர்ந்து, வலது கிளிக் செய்து, மூல வியூவைத் திறக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்த வியூதானா என்பது அப்போதே தெரிந்துவிடும். ‘தரைத்தளம்’ என்ற ஒரே பெயரில் நாலைந்து வியூ கிடக்கும் ஃபைல்களில், தவறான வியூவை மணிக்கணக்காகத் திருத்திக்கொண்டிருப்பது சாதாரணமாக நடக்கிறது. பிறகு வியூ மேப்பில் அந்த வியூவின் செட்டிங்ஸைத் திறந்து, ஃபர்னிச்சர் இல்லாத லேயர் காம்பினேஷனைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். இனி லேஅவுட்டுக்குப் போய் அப்டேட் கொடுத்தால் கட்டில் மறைந்துவிடும்.

அப்படியொரு காம்பினேஷன் இல்லையென்றால் முதலில் அதை உருவாக்குங்கள். லேயர் செட்டிங்ஸில் வேண்டியதை ஏற்றி அணைத்து, புதுப் பெயரில் சேமியுங்கள். இதைச் செய்யாமல் ஒன்றிரண்டு லேயரை மட்டும் அணைத்துவிட்டு வியூவைச் சேமித்தால், காம்பினேஷன் பெயருக்குப் பதில் ‘கஸ்டம்’ என்று பதிவாகும். அன்றைக்குப் படம் சரியாகத்தான் வரும். பிறகு எல்லாத் தளங்களுக்கும் ஒரு லேயரைச் சேர்க்க வேண்டி வரும்போது, காம்பினேஷனைத் திருத்தினால் மற்ற வியூக்கள் மாறும், ‘கஸ்டம்’ வியூ மட்டும் பழையபடியே நிற்கும். ஷீட்டுக்குப் போகும் எந்த வியூவிலும் ‘கஸ்டம்’ என்ற சொல்லே இருக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். லேயருக்கு மட்டுமல்ல, மாடல் வியூ ஆப்ஷன்ஸுக்கும் இது பொருந்தும்.

பிராஜெக்ட் மேப்பிலிருந்தே ‘வியூவைச் சேமித்து லேஅவுட்டில் வை’ என்ற கட்டளையைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நொடியில் திரையில் என்ன அமைப்பு இருக்கிறதோ அதுவே வியூவாகப் பதியும். அவசரத்துக்கு உதவும் வழிதான். ஆனால் பெரிய திட்டத்தில் வியூக்களை முதலில் ஒழுங்காக அடுக்கிவிட்டு லேஅவுட்டுக்கு இழுப்பதே நல்லது.

கேள்வி: மூன்று தளங்களின் பிளானையும் மூன்று லேஅவுட்டில் ஒரே இடத்தில் வைத்தேன். தரைத்தளத்தில் காம்பவுண்ட் சுவரும் கேட்டும் சேர்த்த பிறகு அந்த ஷீட்டில் மட்டும் கட்டடம் நகர்ந்துவிட்டது. ஷீட்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தூண்கள் பொருந்தவில்லை.

பதில்: டிராயிங்கை ஷீட்டில் நிறுத்திவைக்கும் புள்ளியான ஆங்கர் பாயின்ட் படத்தின் நடுவிலோ மூலையிலோ இருக்கிறது. ஃபிரேம், படத்தின் அளவுக்குத் தானாக விரியும்படி இருக்கிறது. காம்பவுண்ட் சேர்ந்ததும் படத்தின் எல்லை பெரிதானது, நடுப்புள்ளி இடம் மாறியது. ஷீட்டில் அந்தப் புள்ளி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதால் கட்டடம் நகர்ந்தது.

டிராயிங் செட்டிங்ஸில் ஆங்கரை, ஒன்பது புள்ளிகளில் ஒன்றாக வைப்பதற்குப் பதில், பிராஜெக்டின் உள் தொடக்கப்புள்ளிக்கு, அதாவது இன்டர்னல் ஆரிஜினுக்கு மாற்றுங்கள். மூன்று டிராயிங்கிலும் அதைச் செய்து, ஷீட்டில் அந்தப் புள்ளிக்கு ஒரே எக்ஸ், ஒய் அளவைக் கொடுங்கள். அதன்பின் தோட்டமோ சாலையோ எதைச் சேர்த்தாலும் கட்டடம் அசையாது. ஃபிரேமையும் தானாக விரியாதபடி மாற்றி, கையால் இழுத்து வெட்டிக்கொள்ளுங்கள். வியூ செட்டிங்ஸில் ஜூமைப் புறக்கணிக்கும் தேர்வை எல்லா ஷீட் வியூக்களுக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். ஒன்றில் ஜூம் பதிந்து, இன்னொன்றில் பதியாமல் இருந்தால் படத்தின் எல்லைகள் ஆளுக்கொரு பக்கம் போகும்.

புதுத் தளத்துக்கு ஷீட் போடும்போது இன்னும் எளிய வழி உண்டு. சரியாக வைத்த டிராயிங்கை நகலெடுத்து அடுத்த லேஅவுட்டில் ஒட்டுங்கள். பிறகு அதன் இணைப்பை மட்டும் அந்தப் புதுத் தளத்தின் வியூவுக்கு மாற்றுங்கள். இடம், ஃபிரேம், தலைப்பு எல்லாம் அப்படியே வந்துவிடும்.

படம் திடீரென்று பக்கத்தைத் தாண்டிப் பெரிதானால், எங்கோ தொலைவில் ஒரு கோடோ எழுத்தோ தவறி விழுந்திருக்கிறது என்று பொருள். பிளானில் எல்லாவற்றையும் திரைக்குள் அடக்கும் ஜூம் கொடுத்தால் அது தென்படும்.

கேள்வி: 1:100 வியூவையே லேஅவுட்டில் 1:50 ஆக்கிவிட்டால் தனியாக வியூ எதற்கு?

பதில்: படம் 200 சதவீதமாகப் பெரிதாகும், அவ்வளவுதான். 2.5 மில்லிமீட்டர் எழுத்து 5 மில்லிமீட்டராகி டைமென்ஷன்களின் மேல் ஏறி உட்காரும். ஸ்கேலுக்கு ஏற்ப விவரம் கூடும் கதவு, ஜன்னல் சின்னங்கள் 1:100க்கு உரிய எளிய வடிவிலேயே இருக்கும். 1:50க்குத் தனி வியூ எடுங்கள். லேஅவுட்டில் உருப்பெருக்கம் 100 சதவீதத்தைத் தவிர வேறு எண்ணைக் காட்டினால் அதைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: ரெவிட்டில் ஒரு பிளானை இரண்டாவது ஷீட்டுக்கு இழுத்தால் ஏற்க மறுக்கிறது. டூப்ளிகேட் எடுத்தால் அறைப் பெயர்கள் வருவதில்லை. எதை எப்படி எடுப்பது?

பதில்: ரெவிட்டில் ஒரு வியூ ஒரே ஒரு ஷீட்டில்தான் இருக்கும். லெஜண்டும் ஷெட்யூலும் மட்டும் விலக்கு. அவற்றை எத்தனை ஷீட்டிலும் வைக்கலாம். இந்தக் கட்டுப்பாடு தொல்லையாகத் தோன்றினாலும் அதற்கு நல்ல காரணம் உண்டு. செக்‌ஷன் குறியின் வட்டத்துக்குள் வரும் ஷீட் எண்ணும் டீட்டெய்ல் எண்ணும் வியூ வைக்கப்பட்ட இடத்திலிருந்துதான் வருகின்றன. ஒரே வியூ இரண்டு இடத்தில் இருந்தால் குறி எந்த எண்ணைக் காட்டும்?

டூப்ளிகேட்டில் மூன்று வகை. வெறும் டூப்ளிகேட், மாடலை மட்டும் எடுக்கும். டேக் (பெயர்க்குறி), டைமென்ஷன், எழுத்து எதுவும் வராது. உங்கள் அறைப் பெயர்கள் போனது இதனால்தான். ‘வித் டீட்டெய்லிங்’ கொடுத்தால் அவையும் நகலாக வரும், ஆனால் அந்த நொடியோடு உறவு முடிந்தது. மூலத்தில் ஒரு டைமென்ஷன் சேர்த்தால் நகலில் வராது. ‘டிபென்டன்ட்’ ஆக எடுத்தால் இரண்டும் சேர்ந்தே வாழும்: ஒன்றில் போட்ட டேக் மற்றதிலும் தெரியும், ஸ்கேல் ஒன்றில் மாறினால் எல்லாவற்றிலும் மாறும். கிராப் எல்லை (படத்தை வெட்டும் எல்லை) மட்டும் தனித்தனி.

ஆகவே, நீளமான கட்டடத்தை ஒரே ஸ்கேலில் இரண்டு மூன்று ஷீட்டாகப் பிரிக்க டிபென்டன்ட் எடுங்கள், பிரியும் இடத்தில் மேட்ச்லைன் (இரண்டு ஷீட்டும் சேரும் கோடு) போடுங்கள். அதே தளத்தை மின்சாரப் பிளானாகவும் ஃபர்னிச்சர் பிளானாகவும் காட்ட வெறும் டூப்ளிகேட் போதும், அதற்குரிய டேக்குகளைப் புதிதாகப் போடுங்கள். வித் டீட்டெய்லிங் வகையை மாற்று வடிவமைப்பைக் காட்டும் ஷீட் போன்ற சில இடங்களுக்கு மட்டும் வையுங்கள். ஒரே டைமென்ஷன் இரண்டு இடத்தில் தனித்தனியாக வாழ்வது, என்றைக்காவது இரண்டும் முரண்படும் என்பதற்கான ஏற்பாடு.

செக்‌ஷனை டூப்ளிகேட் செய்யும்போது கூடுதல் கவனம் வேண்டும். பிளானில் பழைய செக்‌ஷன் கோட்டின் மேலேயே இன்னொரு கோடு உட்காரும். ஒன்று ஷீட் எண்ணோடு இருக்கும், மற்றது வெறும் வட்டமாக இருக்கும். பிரிண்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஷீட்டில் போகாத செக்‌ஷனின் கோட்டை அந்தப் பிளானில் மறைத்துவிடுங்கள்.

ஷீட்டில் பிளானின் ஸ்கேலை மாற்றப் போனால் அந்தக் கட்டம் சாம்பல் நிறத்தில் மாட்டேன் என்கிறதா? வியூவுக்கு ஒரு வியூ டெம்ப்ளேட் போட்டிருக்கிறார்கள், ஸ்கேல் அதற்குள் பூட்டியிருக்கிறது. டெம்ப்ளேட்டைக் கழற்றிவிடாதீர்கள். டெம்ப்ளேட்டைத் திறந்து, ஸ்கேலுக்கு எதிரே உள்ள ‘இன்க்ளூட்’ குறியை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற அமைப்புகள் பத்திரமாக இருக்கும். ஷீட்டில் வரும் தலைப்பை மாற்ற வியூவின் பெயரைத் தொட வேண்டியதில்லை. ‘டைட்டில் ஆன் ஷீட்’ என்ற இடத்தில் எழுதினால் போதும்.

கேள்வி: ஆட்டோகேடில் மீட்டர் அளவில் வரைந்திருக்கிறேன். லேஅவுட்டில் வியூபோர்ட் (மாடலைக் காட்டும் ஜன்னல்) போட்டு 1:100 தேர்ந்தால் கட்டடமே காணாமல் போகிறது. கண்ணளவில் ஜூம் செய்து வைத்தால் எழுத்துகள் சில வியூபோர்ட்டில் வருகின்றன, சிலவற்றில் வருவதில்லை. விட்டுவிட்டு வரும் கோடுகளும் முழுக்கோடாகத் தெரிகின்றன.

பதில்: மூன்று சிக்கல்கள் இவை. மூன்றும் அலகிலிருந்தும் ஸ்கேலிலிருந்தும் கிளம்புகின்றன.

முதலில் கட்டடம். லேஅவுட்டில் தாளின் அலகு மில்லிமீட்டர். பட்டியலில் உள்ள 1:100க்குப் பொருள், தாளில் 1 அலகு, வரைபடத்தில் 100 அலகு. உங்கள் வரைபடத்தில் 1 அலகு 1 மீட்டர். ஆக 1 மில்லிமீட்டரில் 100 மீட்டரை அடக்கச் சொல்கிறீர்கள். 20 மீட்டர் கட்டடம் 0.2 மில்லிமீட்டர் புள்ளியாகிவிடும். அது காணாமல் போகவில்லை, தூசி அளவுக்குச் சுருங்கி அங்கேயேதான் கிடக்கிறது.

1:100ல் 1 மீட்டர் தாளில் 10 மில்லிமீட்டர் வர வேண்டும். எனவே வியூபோர்ட்டுக்குள் நுழைந்து ஜூம் கட்டளையில் 10எக்ஸ்பி (வரைபடத்தின் 1 அலகுக்குத் தாளில் 10 அலகு) கொடுங்கள். 1:50க்கு 20எக்ஸ்பி, 1:200க்கு 5எக்ஸ்பி, 1:20க்கு 50எக்ஸ்பி. 1000ஐ ஸ்கேல் எண்ணால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். மில்லிமீட்டரில் வரைந்தவர்களுக்கு 1:100 என்பது 1/100எக்ஸ்பி. பட்டியலில் உள்ளதே அவர்களுக்குப் பொருந்தும்.

தினமும் மீட்டரில் வரைபவர்கள் ஸ்கேல்லிஸ்ட்எடிட் கட்டளையில் தங்களுக்கென்று ஸ்கேல் சேர்த்துக்கொள்வதே சரி. ‘மீ 1:100’ என்று பெயரிட்டு, தாள் அலகு 10, வரைபட அலகு 1 என்று கொடுங்கள். இதே போல 1:50க்கு 20, 1. எக்ஸ்பி வழியை விட இதை நாங்கள் பரிந்துரைப்பதற்குக் காரணம் உங்கள் இரண்டாவது சிக்கலில் இருக்கிறது.

அனோட்டேடிவ் எழுத்து, அதாவது ஸ்கேலுக்கு ஏற்பத் தன் அளவை மாற்றிக்கொள்ளும் எழுத்து, தனக்கு ஒதுக்கப்பட்ட ஸ்கேல்களில்தான் தெரியும். வியூபோர்ட்டுக்கு இரண்டு ஸ்கேல் உண்டு: படத்தின் ஸ்கேல், அனோட்டேஷன் ஸ்கேல். கண்ணளவில் ஜூம் செய்தால் முதலாவது மட்டும் மாறுகிறது, இரண்டாவது பழைய இடத்திலேயே நிற்கிறது. எழுத்துக்கு அந்தப் பழைய ஸ்கேல் ஒதுக்கப்படவில்லை என்றால் அந்த வியூபோர்ட்டில் வராது. ஸ்டேட்டஸ் பாரில் உள்ள பட்டியலிலிருந்து ஸ்கேலைத் தேர்ந்தால் இரண்டும் சேர்ந்து மாறும். பிறகு எழுத்தைத் தேர்ந்து, ப்ராப்பர்டீஸில் அனோட்டேடிவ் ஸ்கேல் பட்டியலில் ‘மீ 1:100’ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேருங்கள். எழுத்தின் தாள் உயரம் 2.5 மில்லிமீட்டர் என்று வைத்தால் 1:50லும் 1:200லும் அதே 2.5தான் வரும்.

மூன்றாவது, விட்டுவிட்டு வரும் கோடுகள். பிஎஸ்எல்டிஸ்கேல் என்ற அமைப்பு 1 ஆக இருக்க வேண்டும். அப்போதுதான் கோட்டின் இடைவெளி தாளின் அளவில் கணக்கிடப்பட்டு, எல்லா வியூபோர்ட்டிலும் ஒரே நீளத்தில் வரும். மாற்றிய பிறகு ரீஜென்ஆல் (எல்லாவற்றையும் மறுபடி வரையும் கட்டளை) கொடுக்க வேண்டும். பலர் இதைக் கொடுக்காமல், மாற்றம் வேலை செய்யவில்லை என்று கோட்டு இடைவெளியின் பொது அளவான எல்டிஸ்கேலைக் கண்டபடி மாற்றுகிறார்கள். அதன்பின் மாடலில் எதுவும் ஒழுங்காகத் தெரியாது.

எல்லாம் அமைந்ததும் வியூபோர்ட்டைத் தேர்ந்து ‘டிஸ்ப்ளே லாக்ட்’ என்பதை ‘யெஸ்’ ஆக்குங்கள். பூட்டாத வியூபோர்ட்டுக்குள் இருக்கும்போது மவுஸ் சக்கரத்தைச் சற்றே உருட்டினாலும் ஸ்கேல் 1:100லிருந்து 1:103 ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்குத்தான் தெரியும். ஒரு வியூபோர்ட்டில் மட்டும் லேயரை மறைக்க, அதற்குள் நுழைந்து லேயர் அட்டவணையில் ‘விபி ஃப்ரீஸ்’ நிரலைப் பயன்படுத்துங்கள். சாதாரண ஃப்ரீஸ் எல்லா ஷீட்டிலும் மறைத்துவிடும்.

பிரிண்ட் எடுக்கும்போது லேஅவுட்டை 1:1ல் எடுங்கள். ‘தாளுக்குப் பொருத்து’ என்ற குறி இருந்தால் இதுவரை செய்ததெல்லாம் வீண். எடுத்த தாளில் 1 மீட்டர் அகலக் கதவை அளவுகோலால் அளந்து பாருங்கள். 1:100ல் சரியாக 10 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இன்னும் நம்பகமாக வேண்டுமென்றால் 20 மீட்டர் கொண்ட ஒரு பக்கத்தை அளந்து 200 மில்லிமீட்டர் வருகிறதா என்று பாருங்கள். சிறு பிசகு நீண்ட கோட்டில்தான் பிடிபடும்.

கேள்வி: ஸ்கெட்சப் மாடலை ‘லேஅவுட்’ என்ற மென்பொருளில் வைத்திருக்கிறேன். மாடலைச் சேமித்துவிட்டு வந்தால் ஒவ்வொரு முறையும் படத்தின் கோணமே மாறிவிடுகிறது.

பதில்: மாடலை உள்ளே கொண்டுவந்த பிறகு சீன் (பெயரிட்டுச் சேமித்த பார்வை) தேர்ந்திருக்க மாட்டீர்கள். அப்போது அது ‘கடைசியாகச் சேமித்த பார்வை’யோடு இணைந்திருக்கும். நீங்கள் ஸ்கெட்சப்பில் எந்தக் கோணத்தில் இருந்தபடி சேமித்தீர்களோ, அதுவே ஷீட்டுக்கு வரும். ஸ்கெட்சப்பில் ஒவ்வொரு பிளானுக்கும் எலிவேஷனுக்கும் ஒரு சீன் உருவாக்குங்கள். கேமராவை பேரலல் ப்ரொஜெக்‌ஷனுக்கு மாற்றிய பின் சீனைச் சேமியுங்கள்; பெர்ஸ்பெக்டிவில் இருந்தால் ஸ்கேல் கொடுக்கவே முடியாது. பிறகு லேஅவுட்டில் ஸ்கெட்சப் மாடல் பலகையில் அந்தச் சீனைத் தேர்ந்து ஸ்கேலைக் கொடுங்கள். படத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்து உள்ளே சுழற்றினால் சீனின் கேமராவோடு உள்ள இணைப்பு மாறிவிடும். எனவே கோணத்தை மாற்ற வேண்டுமென்றால் ஸ்கெட்சப்புக்குப் போய்ச் சீனைத் திருத்துங்கள்.

கேள்வி: ஷீட்டில் படம் கோணலாகிவிட்டால் அழித்துவிட்டு மறுபடி வைப்பது என் வழக்கம். அதன்பிறகு செக்‌ஷன் குறிகளில் எண் மாறுகிறது அல்லது போய்விடுகிறது.

பதில்: அந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆர்க்கிகேடில் குறியை ஒரு குறிப்பிட்ட டிராயிங்கோடு இணைத்திருந்தால், அதை அழித்ததும் குறி காட்டுவதற்கு ஆள் இல்லாமல் போகிறது. அதே பெயரில் புதிதாக வைத்தாலும் அது வேறு டிராயிங்தான். அழிக்காமல், டிராயிங் மேனேஜரில் அதே டிராயிங்கின் இணைப்பைச் சரியான வியூவுக்கு மாற்றுங்கள். எண்ணும் குறியும் தப்பிக்கும். ரெவிட்டில் எடுத்து மறுபடி வைத்தால் டீட்டெய்ல் எண் புதிதாகக் கிடைக்கும். ஷீட்டில் 3 ஆக இருந்தது 7 ஆகிவிடலாம், பிளானில் உள்ள குறியும் 7 என்று மாறும், ஏற்கெனவே வெளியே போன பிரிண்டில் மட்டும் 3 என்றே இருக்கும். ஷீட்டிலேயே நகர்த்துங்கள், எடுத்து மறுபடி வைத்தாக வேண்டிய நிலை வந்தால் பழைய எண்ணைக் கையால் திரும்பக் கொடுங்கள்.

ஒரே செக்‌ஷன் 1:100 ஷீட்டிலும் 1:50 ஷீட்டிலும் இருக்கும்போது, ஆர்க்கிகேட் குறியை ‘முதலில் வைக்கப்பட்ட டிராயிங்’ என்ற தேர்வில் விடாதீர்கள். எந்த ஷீட்டைக் காட்ட வேண்டுமோ அந்த டிராயிங்கை நேரடியாகத் தேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: பிடிஎஃப் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒரு ஷீட் பழைய நிலையில் இருந்தது தெரிகிறது. அனுப்பும் முன் எப்படிப் பிடிப்பது?

பதில்: ஆர்க்கிகேடில் ஒவ்வொரு டிராயிங்குக்கும் அப்டேட் வகை ஆட்டோவா மேனுவலா என்று உண்டு. ஆட்டோ டிராயிங், ஷீட்டைத் திறக்கும்போதும் பப்ளிஷ் செய்யும்போதும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். மேனுவல் டிராயிங் நீங்கள் சொல்லும்வரை அசையாது. ஃபைல் பெரிதாகி வேகம் குறைந்ததும் மேனுவலுக்கு மாற்றுவார்கள், திரும்ப மாற்ற மறந்துவிடுவார்கள். பப்ளிஷ் செய்யும் முன் டிராயிங் மேனேஜரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்து, நிலையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மூலம் காணவில்லை என்று வருபவற்றைத் தனியாகக் கவனியுங்கள்: அவற்றின் வியூவை யாரோ வியூ மேப்பிலிருந்து அழித்திருப்பார்கள். ஷீட்டில் பழைய படம் தெரிந்துகொண்டே இருக்கும் என்பதால் கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது.

ஆட்டோகேடில் பிளான்கள் எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது வெளியிலிருந்து இணைத்த ஃபைலாக வந்தால், எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸஸ் பலகையில் எதுவும் ‘நாட் ஃபவுண்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பாதை ரிலேட்டிவாக இருக்கட்டும். ஃபோல்டரை முழுதாக வேறு கணினிக்கு மாற்றினாலும் இணைப்பு அறுபடாது. டிடபிள்யூஜி ஃபைலை வெளியே அனுப்ப வேண்டியிருந்தால் ஈட்ரான்ஸ்மிட் கட்டளையால் அனுப்புங்கள், இணைந்த ஃபைல்களெல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து போகும். ஸ்கெட்சப்போடு வேலை செய்பவர்கள் டாகுமென்ட் செட்டப்பில் ரெஃபரன்ஸஸ் பகுதியைத் திறந்து, பழசாகிவிட்டதாகக் காட்டும் மாடலை அப்டேட் செய்ய வேண்டும். காணவில்லை என்று காட்டினால் ரீலிங்க் செய்ய வேண்டும்.